சுவான்சௌவில் மே விடுமுறை

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆனால் பள்ளியும் உண்டு, தொழிற்சாலையும் உண்டு. சீனாவில் நீண்ட விடுமுறை விட்டால், அதற்கு ஈடாக முன்னாலோ பின்னாலோ ஒரு வார இறுதியில் வேலை வைத்துவிடுவார்கள். மே 1 முதல் 5 வரை விடுமுறை, அதற்கான ஈடு இன்று. "ஞாயித்துக்கிழமை கூடவாம்மா புள்ளைங்கள அனுப்புவாங்க?" என்று அத்தைக்கு மனசே கேட்கவில்லை.

அத்தை, என் மாமியார், ஆம்பூரிலிருந்து எங்களோடு இருக்க வந்திருக்கிறார். அவர் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்தோம். யார் வீட்டில் வெளிநாட்டுக்காரர் தங்கினாலும் இங்கே அதுதான் சட்டம். வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் இங்கே திறக்காது. அத்தையின் இந்திய சிம்மில் ரோமிங் போட்டிருப்பதால் அந்த ஒரு போனில் மட்டும் வாட்ஸ்அப் ஓடுகிறது. சாயங்காலமானால் வீடே அந்தப் போனைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறது.

நாங்கள் இங்கே, சீனாவின் ஃபூஜியென் மாகாணத்துக் கடலோர நகரமான சுவான்சௌவில், இருப்பது காலணியால். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் தோலும் ஷூவும் விவரம் தெரிந்த நாளிலிருந்து பழகிய தொழில். சுவான்சௌவை ஒட்டியிருக்கும் ஜின்ஜியாங், உலகத்துக்கே விளையாட்டுக் காலணி செய்து அனுப்பும் ஊர். அன்டா என்ற காலணி நிறுவனம் தொடங்கியதும் அங்கேதான். என் கணவருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. பெண் நான்காம் வகுப்பு, பையன் மழலையர் பள்ளி, இரண்டும் உள்ளூர்ப் பள்ளிகள். பெரியவள் மதியம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் மறுபடி போவாள். மதியத் தூக்கத்தை இந்த ஊர் ரொம்ப மதிக்கிறது. அந்த நேரத்தில் மாடியில் யாரும் நாற்காலியைக்கூட இழுக்க மாட்டார்கள்.

பிள்ளைகள் போனதும் அத்தையைக் காய்கறிச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். பீர்க்கங்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, தண்டுக்கீரை, எல்லாம் கிடைக்கிறது. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும்தான் இல்லை. கீரைக்காரம்மா தராசில் போட்டு, விலையைச் சொல்லி, கழுத்தில் தொங்கும் க்யூஆர் அட்டையை நீட்டினார். போனைக் காட்டியதும் பணம் போய்விட்டது. அப்புறம் கேட்காமலே ஒரு பிடி வெங்காயத்தாளைக் கொசுறாகப் பையில் செருகினார். அத்தை முகம் மலர்ந்ததே அப்போதுதான். "இங்கயும் குடுக்கிறாங்களே!" என்று வீடு வரும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 28, திங்கள்

சீன நாட்காட்டியில் இன்று நான்காம் மாதத்தின் முதல் நாள். மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கோயிலுக்குப் போவதும், சிலர் அன்று சைவமாக இருப்பதும் இங்கே வழக்கம். தூமென் தெருவில் குவான் யூ, யூ ஃபெய் என்ற இரண்டு தளபதிகளுக்கான கோயில் இருக்கிறது. வாசலிலேயே ஊதுபத்திப் புகை கண்ணைக் கரித்தது. பழத்தட்டும் பூவுமாகக் கூட்டம், அதில் பாதிப் பேர் அலுவலகம் போகிற வழியில் வந்தவர்கள்.

அத்தையைப் பிடித்து நிறுத்தியது மரத்துண்டுகள். பிறை வடிவில் இரண்டு துண்டுகள், ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் வளைவு. மனதில் கேள்வியை நினைத்துக்கொண்டு கீழே போடுகிறார்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று வளைவாகவும் மேலே பார்த்து விழுந்தால் சாமி சம்மதித்துவிட்டது. இரண்டும் தட்டையாக விழுந்தால் சாமி சிரிக்கிறது, மறுபடி கேட்க வேண்டும். இரண்டும் வளைந்த பக்கம் காட்டினால் கூடாது என்று பொருள். ஒரு பெண் பத்து நிமிடமாகப் போட்டுக்கொண்டே இருந்தார். "பூக்கட்டிப் பார்க்கிறது மாதிரிதானே?" என்றார் அத்தை. அதேதான். அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் சம்மதம் விழுந்தபோது, என்ன கேள்வி என்றே தெரியாமல் அத்தையும் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதே தெருவில் கொஞ்சம் தள்ளி சிங்ஜிங் பள்ளிவாசல். 1009இல் கட்டியது. கருங்கல் நுழைவாயில் வானளாவ நிற்கிறது, தொழுகை மண்டபத்துக்குக் கூரை கிடையாது. சுவர்களுக்கு நடுவில் புல்லும் வெயிலும்தான். சோங், யுவான் அரச வம்சங்களின் காலத்தில், அதாவது 10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை, சுவான்சௌ உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அரபியர்கள் இதை ஜெய்த்தூன் என்றார்கள். மார்க்கோ போலோ, இபின் பதூதா இருவருமே இந்தப் பெயரை எழுதிவைத்திருக்கிறார்கள். அரபியர், பாரசீகர், தமிழர் எல்லோரும் கப்பலில் வந்து, வீடு பிடித்து, குடும்பம் நடத்திய ஊர். 2021இல் இந்த ஊரின் 22 இடங்களைச் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

ஏப்ரல் 30, புதன்

நேற்றும் இன்றும் மழை, எங்கும் போகவில்லை. மார்ச், ஏப்ரலில் இங்கே ஈரக்காற்று அடித்தால் சுவரும் தரையும் வியர்த்து ஒழுகும், துணி காயவே காயாது. இந்த வருடம் அது முடிந்துவிட்டது என்று துணியை வெளியே போட்டதும் மழை பிடித்துக்கொண்டது. உளுந்து பார்சல் வந்தது. கீழே பார்சல் பெட்டியில் எண்ணைத் தட்டி எடுத்துவந்து உடனே ஊறப்போட்டேன். விடுமுறைக்கு மாவு தயார்.

மே 1, வியாழன்

இன்று வெளியே கால் வைப்பதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம். நாடே ஒரே நேரத்தில் கிளம்பும் நாள் இது. பழைய நகரத்தின் மேற்குத் தெருவில் தலைகள்தான் தெரியும்.

எதிர்வீட்டுப் பாட்டி தேநீருக்குக் கூப்பிட்டார். ஃபூஜியெனில் ஒரு வீட்டுக்குப் போனால் தேநீர் இல்லாமல் பேச்சு தொடங்காது. தண்ணீர் வடியும் தட்டு வைத்த மேசை, மூடி போட்ட கிண்ணம், இரண்டு வாய்க்குக்கூட வராத கோப்பைகள். பக்கத்து மலை வட்டமான ஆன்சியில் விளையும் தியெகுவான்யின் தேயிலை, உருட்டிய மணிகளாக இருக்கும். கொதிநீரை ஊற்றியதும் முதல் தண்ணீரைக் கோப்பைகளைக் கழுவவே கொட்டிவிடுகிறார். இரண்டாவது ஊற்றில்தான் குடிக்க வேண்டும். ஏழெட்டு ஊற்று வரை அதே இலை தாங்குகிறது. கிண்ணத்துக்குள் இலை கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து முழு இலையாக விரிவதைப் பையன் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்தான்.

அத்தைக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத டீ என்ன டீ என்று தோன்றியிருக்கும், ஆனாலும் சொல்லவில்லை. இரண்டு பெரியவர்களும் என் பெண்ணை நடுவில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டார்கள். எத்தனை பிள்ளைகள், முழங்கால் வலிக்கு என்ன செய்கிறாய், மருமகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளா. கடைசிக் கேள்விக்கு என் பெண் இரண்டு பக்கமும் என்ன மொழிபெயர்த்தாள் என்று எனக்குத் தெரியாது. பாட்டி பேசுவது பாதி மாண்டரின் என்ற பொதுச் சீனம், பாதி மின்னான் என்ற இந்த வட்டார மொழி. பினாங்கு, சிங்கப்பூரில் ஹொக்கியென் என்று சொல்வது இந்த மொழியைத்தான். அங்கே குடியேறிய பலருக்கு இதுதான் பூர்வீக மண். பாட்டியின் பெரியப்பாவும் மலாயாவுக்குக் கப்பல் ஏறிப் போனவராம். ஆம்பூரிலிருந்து அத்தையின் சித்தப்பாவும் பினாங்கு போனார் என்று சொன்னதும், பாட்டி எழுந்துபோய் நிலக்கடலைப் பாயசம் மாதிரியான இனிப்புக் கஞ்சி ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.

மே 2, வெள்ளி

கூட்டத்துக்கு முன்னால் போய்விடலாம் என்று விடியும்போதே ஷுன்பூ கிளம்பினோம். கடலோர மீனவக் கிராமம், இப்போது நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. இங்கே பெண்கள் தலை நிறையப் பூ வைக்கிறார்கள். இந்த வழக்கம் 2008இலேயே தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 2023 முதல் சீனா முழுவதிலிருந்தும் இளம்பெண்கள் பூ வைத்துக்கொண்டு படம் எடுக்க வந்து குவிகிறார்கள். தெரு முழுக்க அலங்காரக் கடைகள், வாடகை உடைகள். இது கெட்டுப்போய்விட்டது என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்துக்குள் போனால், சுற்றுலாவுக்காக இல்லாமல் தினப்படிக்குப் பூ வைத்த கிழவிகள் வாசலில் உட்கார்ந்து கத்தியால் சிப்பி உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கத்தி முனையை இடுக்கில் விட்டு ஒரு திருகு, சதை கிண்ணத்தில், ஓடு கூடையில். பேச்சு நிற்காமலே கை ஓடுகிறது.

இங்கே பழைய வீடுகளின் சுவரே சிப்பி ஓடுதான். உள்ளங்கையைவிடப் பெரிய சிப்பி ஓடுகளைச் சாய்த்துச் சாய்த்து வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். உப்புக்காற்று செங்கல்லை அரிக்கும், சிப்பியை ஒன்றும் செய்யாது. தூரதேசம் போன கப்பல்கள் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பாரத்துக்காக ஏற்றிவந்த ஓடுகள் என்பது ஊர்க்கதை.

அத்தைக்குப் பூ வைத்துவிட ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்த்தினோம். முடியைப் பின்னால் இழுத்துச் சுருட்டிக் கொண்டை போட்டு, ஒரு நீளக் குச்சியைக் குறுக்கே செருகி, அதைச் சுற்றி வட்ட வட்டமாகப் பூச்சரம். உள்வட்டம் மொட்டு, வெளிவட்டம் நிறம் நிறமாக. அத்தை ஒரு சரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஊசியில் கோத்த சரம். உடனே அங்கே கிடந்த நூலையும் மொட்டுகளையும் எடுத்து, விரலாலேயே முடிச்சுப் போட்டு இரண்டு பக்கமும் மொட்டு வைத்து ஒரு சாண் கட்டிக் காட்டினார். பூ வைத்துவிட்ட அம்மாள் வேலையை நிறுத்திவிட்டு, "மெதுவாக, மெதுவாக" என்று சைகை காட்டினார். அத்தை மறுபடி கட்டினார். மூன்றாம் முறை அந்த அம்மாளே கட்டிவிட்டார், நெருக்கம் மட்டும் போதவில்லை. 40 யுவான் கேட்க வேண்டியவர் வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்திக் கொடுத்தோம்.

இந்தப் பிறவியில் பூ வைத்தால் அடுத்த பிறவியில் அழகாய்ப் பிறப்பாய் என்று இங்கே சொல்வார்கள். மாமா போன பிறகு அத்தை பூ வைத்துக்கொள்வதில்லை. இன்று மறுக்கவில்லை. இரவு தூங்கும் வரை அவர் அதை எடுக்கவும் இல்லை.

மே 3, சனி

லுவோயாங் பாலம். 1053இல் தொடங்கி 1059இல் முடித்தது. சாய் சியாங் என்ற ஆட்சியாளர் காலத்து வேலை. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அலையும் சேறுமாக இருக்க, அடியில் கல்லைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் தூண் எழுப்பி, கற்கள் நகராமல் இருக்கச் சிப்பிகளை வளரவிட்டிருக்கிறார்கள். சிப்பி வளர்ந்து கல்லோடு கல்லை ஒட்டிவிடும். நீர் இறங்கியிருந்தபோது போனதால் படகு மூக்கு மாதிரி கூர்ந்த தூண் அடிகளையும், அதில் அப்பியிருந்த சிப்பிகளையும் நன்றாகப் பார்க்க முடிந்தது. என் கணவருக்கு இதுதான் ஊரிலேயே பிடித்த இடம். பசை போட்டு ஒட்டுவதே தொழிலாக இருப்பவர் அல்லவா, குனிந்து குனிந்து பார்த்தார். வெயில் ஏறியதும் திரும்பிவிட்டோம்.

மே 4, ஞாயிறு

ஜின்ஜியாங் பக்கத்தில் சிதியென் என்றொரு கிராமம். சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. அங்கே ஒரு சிறிய மண்டபத்தில் உள்ளூர்க்காரர்கள் குவான்யின் என்று கும்பிடும் கல் ஒன்று இருக்கிறது. சீனாவில் குவான்யின் கருணைத் தெய்வம், பெரும்பாலும் வெள்ளை உடையில் சாந்தமாக இருப்பாள். இங்கே இருப்பவளுக்கு நான்கு கைகள். காலை மடித்து அமர்ந்திருக்கிறாள், இரண்டு பக்கமும் பணிப்பெண்கள், காலடியில் வீழ்ந்த அசுரன்.

அத்தையிடம் ஒன்றும் சொல்லாமல் கூட்டிப்போனேன். உள்ளே போய் ஒரு நிமிடம் நின்றார். "அம்மாடி, இவ நம்ம ஆத்தா இல்ல?" என்றவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் பிறந்த ஊர் குடியாத்தம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரில் இருந்தாக வேண்டும் என்று சொல்லித்தான் இங்கே வரவே சம்மதித்தார். அப்படிப்பட்டவர் இந்த நாட்டில், ஊதுபத்திச் சாம்பலுக்கு நடுவில், ஒரு நான்கு கைக்காரியைப் பார்ப்பார் என்று நினைத்திருக்க மாட்டார்.

இந்த வட்டாரத்தில் இந்துக் கோயில் சிற்பங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. கோயில்கள் அழிந்த பிறகு கற்கள் சுவரிலும் பாலத்திலும் வேறு கோயில்களிலும் போய்ச் சேர்ந்தன. பெரும்பாலானவை இப்போது அருங்காட்சியகத்தில். இந்த ஒருத்திக்கு மட்டும் தினமும் பழமும் புகையும் கிடைக்கிறது. நம்மவர்கள் சிலர் இதைக் கேட்டால், "பாவம், யாரைக் கும்பிடுகிறோம் என்றே தெரியாமல் கும்பிடுகிறார்கள்" என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அவர்களுக்கு யாரென்று நன்றாகவே தெரியும், அவர்கள் ஊரைக் காக்கிறவள். பெயர் மாறினாலும் பூசை நிற்காமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.

அங்கிருந்த பெரியவர் அத்தையிடம் மூன்று ஊதுபத்தி கொடுத்து, நெற்றிக்கு நேரே பிடித்து மூன்று முறை குனிய வேண்டும் என்று செய்துகாட்டினார். அத்தை அப்படியே செய்தார். பையிலிருந்த குங்குமத்தைக் கல்லில் வைக்கட்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் அத்தை, பழைய கல் என்றேன். சரியென்று எங்கள் எல்லோருக்கும் வைத்துவிட்டார், பெரியவருக்கும் சேர்த்து.

மே 5, திங்கள்

சீன நாட்காட்டியில் நான்காம் மாதம் எட்டாம் நாள், புத்தர் பிறந்த நாள். விடுமுறையின் கடைசி நாளும் இதுவே. கையுவான் கோயிலுக்குப் போனோம். கி.பி. 686இல் ஒரு முசுக்கொட்டைத் தோட்டத்தில் எழுப்பிய கோயில். அந்த மரங்களில் வெண்தாமரை பூத்ததாகத் தலபுராணம், பழைய மரம் ஒன்று முட்டுக்கொடுத்து இன்னும் நிற்கிறது. இரண்டு கல் கோபுரங்களும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கிழக்குக் கோபுரம் கிட்டத்தட்ட 48 மீட்டர். 1604இல் பெரிய நிலநடுக்கம் வந்து ஊரைக் குலைத்தபோதும் இவை விழவில்லை.

வரிசையில் நின்று, ஒரு கை வானத்தையும் ஒரு கை பூமியையும் காட்டும் குழந்தைப் புத்தர்மேல் கரண்டியால் தண்ணீர் ஊற்றினோம். பையன் இரண்டாவது கரண்டி கேட்டான், பின்னால் நின்ற அம்மாள் ஊற்றட்டும் என்று விட்டுக்கொடுத்தார்.

அப்புறம் பெரிய மண்டபத்தின் பின்பக்கம். முன்பக்கம் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். அங்கே பசுமை கலந்த சாம்பல் நிறத்தில் இரண்டு பட்டைத் தூண்கள். பட்டைகளில் வட்டங்கள், வட்டங்களுக்குள் நம் கதைகள். ஒன்றில் நரசிம்மர் இரணியனை மடியில் போட்டிருக்கிறார். இன்னொன்றில் உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மருத மரங்களுக்கு நடுவே கண்ணன். ஆனையைப் பிடித்த முதலை. கோபியர் துணியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிய கண்ணன். யுவானுக்கு அடுத்து வந்த மிங் வம்சத்தின் காலத்தில் திருப்பணி செய்தபோது, பாழடைந்த இந்துக் கோயிலிலிருந்து கொண்டுவந்து நட்டவை இவை. கிட்டப் போய்ப் பார்த்தால் முகங்களில் உள்ளூர்ச் சாயல் தெரியும். கதை சொன்னவர் தமிழராக இருக்கலாம், உளி பிடித்தது இந்த ஊர்க் கல்தச்சர்களின் கை.

"சீனாவில் சோழர் கட்டிய கோயில்" என்று போனில் சுற்றும் செய்திகள் இந்த ஊரைப் பற்றியவைதான். அதைப் படித்துவிட்டு வருகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வேன். இங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சகாப்தம் 1203, சித்திரை மாதம், அதாவது 1281. 1956இல் கண்டெடுத்தது. சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீச்சரம் என்ற சிவன் கோயிலில் சாமியை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது, கடைசியில் ஒரு வரி சீன எழுத்து. யாருக்காகச் செய்தார்? கானின் உடல்நலத்துக்காக. அப்போது சீனாவை ஆண்டுகொண்டிருந்தவர் மங்கோலியரான குப்ளாய் கான். யாருடைய ஆணையால்? அதே கானின் பர்மானால். இது படையெடுத்து வந்தவர்கள் கட்டிய கோயில் இல்லை. வியாபாரத்துக்கு வந்து, இந்த அரசிடம் அனுமதி வாங்கி, இந்த ஊர்க் கல்லில் இந்த ஊர்க்காரர்களைக் கொண்டு செதுக்கி, பிள்ளைகுட்டியோடு வாழ்ந்தவர்கள் கட்டியது. வருடாவருடம் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கும் எனக்கு இவர்கள்தான் நெருக்கம். ராஜாக்களைவிட இவர்களைப் பற்றித்தான் எனக்குப் பெருமை.

போக்குவரத்து ஒரு பக்கம் மட்டும் இல்லை. 1267இல் முடிந்ததாகச் சீன எழுத்து பொறித்த செங்கல் கோபுரம் ஒன்று நாகப்பட்டினத்தில் இருந்தது, ஆங்கிலேயர் காலத்தில் 1867இல் இடித்துவிட்டார்கள். இங்கே 1974இல் துறைமுகச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த சோங் காலக் கப்பலில், வாசனை மரங்களோடு மிளகும் இருந்தது. போன வருடம் அந்தக் கப்பலைப் பார்த்தபோது என் பெண் கேட்டது, "நம்ம ஊர் மிளகாம்மா?" என்றுதான்.

நரசிம்மர் முன்னால் அத்தை கதையை ஆரம்பித்துவிட்டார். பெண் சீனத்தில் சொல்ல, ஒரு ஷாங்காய்க் குடும்பம் நின்றது, அப்புறம் இன்னொன்று. பகலிலும் சாகக் கூடாது, இரவிலும் சாகக் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது என்று வரம் வாங்கியவனை வாசற்படியில் அந்தி நேரத்தில் கொன்றார் என்றதும், ஒரு சின்னப் பையன் தூணுக்கும் அதன் பின்னால் இருந்த வாசலுக்கும் ஓடி ஓடி, "இதுதான் உள்ளே, இதுதான் வெளியே, இதுதான் நடுவில்" என்று நின்று காட்டினான். அவன் அப்பா தூணைப் படம் எடுத்துக்கொண்டு, இதில் வேறென்ன கதைகள் இருக்கின்றன என்று கேட்டார். அத்தை முதலைக் கதைக்குப் போனார். நாங்கள் அங்கிருந்து கிளம்ப ஒரு மணி நேரம் ஆனது.

கடல்சார் அருங்காட்சியகம் இன்னும் பாக்கி. யானை ஒன்று தும்பிக்கையால் சிவலிங்கத்தை வழிபடும் கல் அங்கே இருக்கிறது. திருவானைக்காவை நினைக்காமல் அதைப் பார்க்க முடியாது. வைகாசி பிறப்பதற்குள் அத்தை கிளம்பிவிடுவார். நாளை பள்ளி திறக்கிறது, சனிக்கிழமை காலை எல்லோருமாகப் போகலாம் என்றிருக்கிறோம்.